நாற்பத்தோராவது பதில்

நாற்பது லேப்டாப்புக்கு நாற்பத்தோரு பதில் போயிருந்தது. ஜெபசெல்வி மூன்று தடவை எண்ணிப் பார்த்தாள். முதல் தடவை கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தாள். இரண்டாம் தடவை இன்னும் டீ குடிக்காததுதான் கோளாறு என்று நினைத்தாள். மூன்றாம் தடவையும் நாற்பத்தொன்றே வந்தபோது நினைக்க வேறெதுவும் மிச்சமில்லை.

எண்ணிப் பார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணி. சாயங்காலம் ஐந்து மணிக்கு மாட்டுங்காவில் விழா, மூன்று மணிக்கு டெம்போ. நாற்பது லேப்டாப்பும் துடைத்துப் பெட்டி கட்டியாகிவிட்டது. ஒழுங்கான பெண்ணாக இருந்தால் விழாவுக்கு எந்தச் சேலை என்று யோசித்துக்கொண்டிருப்பாள். இவளானால் சர்வரைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணினாள். சுபாவம் அப்படி. தக்காளி வாங்கினாலும் வீட்டுக்கு வந்து ஒருமுறை எண்ணினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவளுடைய கடை. ஆபீஸ்கள் கழித்துக் கட்டும் லேப்டாப்புகளை லாட்டாக ஏலத்தில் எடுத்து, செத்ததிலிருந்து பிடுங்கி உயிரோடிருப்பதில் மாட்டி, புதுசு போல ஆக்கி விற்பது தொழில். சயான் காலேஜில் ஐ.டி. படித்தவள். கூட வேலைக்கு இசக்கிராஜ், ஷைஸ்தா என்று இரண்டு பேர். இசக்கிராஜ் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், போர்டு வேலையில் கெட்டிக்காரன், வாய் மட்டும் கொஞ்சம் ஓட்டை. ஷைஸ்தா கீபோர்டு, ஸ்கிரீன் பார்ப்பவள். அவள் பேசினால் மழை வரும் என்பார்கள், அவ்வளவு அபூர்வம்.

இந்த நாற்பதும் மாட்டுங்காவில் ஐந்து பள்ளிக்கூடம் நடத்தும் ஒரு டிரஸ்டுக்கு. அந்த டிரஸ்டில் உபயதாரர் பெயர் இல்லாமல் ஒரு ஃபேன் சுற்றாது. டியூப்லைட்டில் பெயர், பெஞ்சில் பெயர், தண்ணீர் ஃபில்டரில் காலஞ்சென்ற இரண்டு பேரின் பெயர். லேப்டாப் மட்டும் பெயரில்லாமல் அநாதையாக நிற்குமா? ஒவ்வொன்றையும் திறந்ததும் திரையில் 'இன்னார் நினைவாக' என்று வரவேண்டும் என்று செக்ரட்டரி திருவேங்கடம் சொல்லிவிட்டார். நாற்பது லேப்டாப், நாற்பது பெயர். பட்டியலை இரண்டு தடவை அனுப்பினார், இரண்டாம் தடவை இனிஷியலை எல்லாம் எடுத்துவிட்டு.

நாற்பதையும் கையால் செய்வதாவது? ஜெபசெல்வி மேஜைக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டரை சர்வராக்கி வைத்தாள். காலி லேப்டாப்பில் கேபிளைச் செருகி ஆன் செய்ய வேண்டியது, அவ்வளவுதான். உள்ளே இன்ஸ்டாலர் கண் விழித்து, 'நான் யார், எனக்கு என்னென்ன போட வேண்டும்?' என்று சர்வரைக் கேட்கும். சர்வர் ஒரு தாளை நீட்டும். அதுதான் பதில். நினைவுப் பெயர், தமிழ் எழுத்துரு, பாடப் புரோகிராம்கள், பள்ளியின் வைஃபை சாவி, எல்லா மிஷினுக்கும் பொதுவான அட்மின் பாஸ்வேர்ட் எல்லாம் அதில் இருக்கும். இருபது நிமிஷத்தில் லேப்டாப் பள்ளிக்கூடம் போகத் தயார்.

கேட்பது யார் என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கேபிள் சாக்கெட்டுக்கும் பிறக்கும்போதே ஒரு நம்பர் உண்டு. மேக் நம்பர் என்பார்கள். இன்ஸ்டாலர் கேட்கும்போதே அந்த நம்பரையும் சொல்லும். எந்த நம்பருக்கு எந்தப் பெயர் என்று ஜெபசெல்வி பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தாள். நம்பர் சரியாக இருந்தால் சர்வர் மறுபேச்சுப் பேசாது.

அந்தப் பாஸ்வேர்டை அவளிடம் கொடுத்தது சாதனா. டிரஸ்டின் ஐந்து பள்ளிக்கும் கம்ப்யூட்டர் பொறுப்பு அவள்தான். 'தாராவிக் கடையா?' என்று கமிட்டியில் மூக்கைச் சுளித்தவர்களோடு சண்டை போட்டு இந்த ஆர்டரை வாங்கித் தந்தவளும் அவள்தான். அதற்காக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டாள். பாஸ்வேர்ட் இந்தக் கடையை விட்டு வெளியே போகாது என்று ஒரே வரி. ஜெபசெல்வி படித்துப் பார்த்துப் போட்டாள். அடுத்து நூற்றிருபது லேப்டாப் ஆர்டர் இருக்கிறது. ஒரு சின்னப் பிசகு நடந்தாலும் அது பழைய வெண்டருக்கே திரும்பிவிடும் என்று கமிட்டி தெளிவாகச் சொல்லியிருந்தது. அந்த நூற்றிருபதை நம்பித்தான் இசக்கிராஜையும் ஷைஸ்தாவையும் நிரந்தரமாக வேலைக்கு வைத்திருந்தாள். ஆர்டர் போனால் ஒருவரை அனுப்பத்தான் வேண்டும். யாரை என்று நினைத்துப் பார்க்கக்கூட அவளுக்கு மனசு வரவில்லை.

நாற்பத்தோராவது பதில் யாருக்குப் போனது என்று பார்த்தாள். கோமதியம்மாளுக்கு. திங்கட்கிழமை பதினொன்று பத்துக்கு ஒரு தடவை, புதன்கிழமை மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு இன்னொரு தடவை.

"இசக்கி, கோமதியம்மாள திரும்பப் போட்டியா?"

"இல்லக்கா. திங்கக்கெழமையே முடிச்சிட்டோம்லா. பெட்டியில கெடக்கு."

யாராவது பிரவுசரில் பதில் இருக்கும் முகவரியைத் திறந்து எட்டிப் பார்த்தார்களா? அப்படி மனுஷர் பார்த்தால் சர்வரின் வரவுப் பதிவான லாக்கில் அந்த வரியின் கடைசியில் பிரவுசரின் பெயர் இருக்கும். இங்கே இன்ஸ்டாலரின் பெயர்தான் இருந்தது. அப்படியானால் எட்டிப் பார்த்தது மனுஷர் இல்லை. ஒரு முழு மிஷின் வந்து, நான்தான் கோமதியம்மாள் என்று சொல்லி, இருபது நிமிஷம் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது.

பெட்டியைப் பிரித்து கோமதியம்மாளைத் திறந்து பார்த்தாள். திங்கட்கிழமை போட்டது அப்படியே இருந்தது. மூடும்போதுதான் அந்த லேப்டாப்பின் விளிம்பைக் கவனித்தாள். அப்பளம் மாதிரி மெல்லிசு. கேபிள் செருக இடமே கிடையாது. நாற்பதில் இப்படி நான்குதான். அவற்றுக்கு மட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக, யூ.எஸ்.பி.யில் மாட்டும் சின்ன டாங்கிள் வைத்து, அதில் கேபிளைச் செருகினார்கள். அப்படிச் செருகினால் சர்வருக்குத் தெரிவது லேப்டாப்பின் நம்பர் இல்லை, டாங்கிளின் நம்பர்.

ஆக, அவள் கோமதியம்மாள் என்று பட்டியலில் எழுதி வைத்தது லேப்டாப்பை அல்ல. பெருவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டை. யார் கையில் அது இருக்கிறதோ அவர்தான் கோமதியம்மாள்.

"அந்த டாங்கிள் எங்க?"

இசக்கிராஜ் தலையைச் சொறிந்தான். அவன் தலையைச் சொறிந்தால் அர்த்தம் ஒன்றுதான்.

"புதங்கெழம சாப்பாட்டு நேரத்துல தளவாய் அண்ணாச்சி கேட்டாவக்கா. அரை மணி நேரத்துல தாரேன்னாவ. தந்துட்டாவளே, அந்தா டப்பாவுல கெடக்கு."

ஜெபசெல்வி டப்பாவிலிருந்து டாங்கிளை எடுத்துப் பார்த்தாள். அவனைத் திட்ட வாய் வரவில்லை. அந்தச் சந்தில் ஸ்குரூ டிரைவர், சார்ஜர், சால்டரிங் அயர்ன் எதுவும் ஒரு கடையில் தங்காது. கேட்டால் கொடுப்பதுதான் பழக்கம். கொடுக்காதவனைத்தான் நான்கு பேர் பேசுவார்கள். போதாக்குறைக்கு இன்டர்நெட்டும் அவளுக்கும் தளவாய்க்கும் பொதுதான். அவள் கடைச் சுவிட்சிலிருந்து ஒரு கேபிள் சுவரைத் துளைத்துப் பக்கத்துக் கடைக்குப் போகிறது. அந்த ஓட்டையை அவளே நின்று போட வைத்தாள்.

முதலில் சர்வரின் கேபிளைப் பிடுங்கினாள். இனி யார் வந்து எந்தப் பெயரைச் சொன்னாலும் பதில் கிடையாது. பிறகு பக்கத்துக் கடைக்குப் போனாள்.

தளவாய் அண்ணாச்சிக்கு ஐம்பது வயது. பிரிண்டர், மொபைல், மிக்ஸி, கையில் கிடைத்தது எதுவானாலும் ரிப்பேர் செய்வார். உலகத்தில் எதற்கும் அதிர்ச்சியடையாத மனுஷர்.

"அண்ணாச்சி, புதன்கிழமை எங்க டாங்கிள்ல எந்த மிஷினப் போட்டிய?"

"அதுவா? நீ எடுத்த லாட்லயே நானும் ரெண்டு எடுத்தேம்லா, மெல்லிசா. அதுல ஒண்ணு. டிஸ்க்கு காலி. நெட்ல எறக்கிப் போடுவோம்னு உன் டாங்கிளச் சொருகி ஆன் பண்ணினேன் தாயி. நான் ஒண்ணுமே தொடலை. அதுபாட்டுக்கு ஓடுது. இருவது நிமிசத்துல எல்லாம் போட்டு, தமிழ் எழுத்தெல்லாம் வந்து, ஜம்முனு நிக்கி."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நல்ல காரியம் தானா நடக்கும்போது எதுக்குத் தடுக்கணும்னு விட்டுட்டேன். ஏன், லஃப்டா, வம்பு எதும் ஆயிட்டா?"

"மிஷின் எங்க?"

"அன்னைக்கே போச்சே. மான்குர்துல பூதத்தான். டெம்போ புக்கிங் வச்சிருக்கான்லா, அவன் மகளுக்கு. அவன் போன் பண்ணி அழுதுட்டான் செல்வி. ரொம்ப சந்தோசம் அண்ணாச்சின்னு. எதுக்கு அழுதான்னுதான் எனக்கு வெளங்கலை."

ஒரு பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு சயான் ஸ்டேஷனுக்கு நடந்தாள். குர்லாவில் இறங்கிப் பாலம் ஏறி ஹார்பர் லைன் பிடித்தாள். வழி நெடுக ஒரே கணக்குதான். மிஷினை வாங்கித் துடைத்துவிட்டால் போதும். தளவாய்க்கு அது என்னவென்றே தெரியாது. இசக்கிராஜ் வாயை மட்டும் அடைத்துவிட்டால் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும். சாதனா எண்ணப் போகிறாளா? எந்த டிரஸ்டில் எந்த மேடம் லாக்கை எண்ணுகிறாள்? செம்பூர் தாண்டும்போது அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. கோவண்டி வரும்போது அப்படி லேசானதற்காகவே தன்மேல் எரிச்சல் வந்தது.

பூதத்தானின் புக்கிங் ஆபீஸ் மான்குர்த் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சாமி படம். மேஜைமேல் லேப்டாப் திறந்திருந்தது. திரையின் மேல் விளிம்பில் குங்குமப் பொட்டு. ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தது. திரையில் பெரிய எழுத்தில் 'கோமதியம்மாள் நினைவாக'.

ஜெபசெல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தளவாய் அண்ணாச்சி கடையிலேர்ந்தா? போன்ல சொன்னாரு. வாங்க தங்கச்சி, உக்காருங்க," என்றார் பூதத்தான். நாற்பத்தைந்து வயது, கனத்த உடம்பு, மெல்லிய குரல். "பாத்தியளா? எங்கம்மா பேரு. போன மாசந்தான் தவறிட்டாவ. நான் அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த சொல்லலை. அவராத் தெரிஞ்சு போட்டிருக்காரு பாருங்க. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திருநெல்வேலிப் பக்கம் கோமதி என்று தெருவுக்கு நான்கு பேர் உண்டு, இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சொல்லவா இங்கே வந்தாள்? சுற்றி வளைத்தால் இன்னும் கஷ்டம் என்று நேராகச் சொன்னாள். தளவாய் அண்ணாச்சி ஒன்றும் போடவில்லை, இது மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கான மிஷின் மாதிரி தவறிப்போய்த் தயாராகிவிட்டது, உள்ளே அவர்களுடைய பாஸ்வேர்ட் இருக்கிறது, அழித்தாக வேண்டும்.

பூதத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"அப்போ இது எங்கம்மா இல்லையா?"

"இல்ல அண்ணாச்சி. மாட்டுங்காவுல ஒரு அம்மா."

"பேரு ஒண்ணா இருக்கே."

"பேரு மட்டுந்தான் ஒண்ணு."

அவர் மல்லிகையைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். பெயரைப் பார்த்து ஏமாந்தார் என்று இவரைச் சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை? அவளுடைய சர்வர் நம்பரைப் பார்த்து ஏமாந்தது. இவராவது பூ வைத்துக் கும்பிட்டார். அது பாஸ்வேர்டை எடுத்துக் கொடுத்தது.

"மூணு நாள்ல இத யாரெல்லாம் தொட்டாங்க அண்ணாச்சி?"

"மகதான். செம்பூர்ல காலேஜுக்குக் கொண்டுபோனா. சிநேகிதிப் பிள்ளைய எல்லாம் பென்டிரைவ் போட்டு என்னமோ காப்பி பண்ணிச்சாம். இந்தப் புரோகிராம் நல்லாருக்குன்னு."

அத்தோடு அவள் ரயிலில் போட்ட கணக்கு முடிந்தது. அந்தப் பென்டிரைவுகளில் என்னென்ன போனது, யாருக்குப் போனது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒன்றுமே போகாமலும் இருக்கலாம். ஆனால் போகவில்லை என்று அவளால் சொல்ல முடியாது. இந்த மிஷினைத் துடைத்தால் இந்த மிஷின்தான் சுத்தமாகும். கையெழுத்துப் போட்ட தாளில் எழுதியிருந்தது மிஷினைப் பற்றி அல்ல, பாஸ்வேர்டைப் பற்றி.

வெளியே வந்து, நின்றிருந்த ஒரு டெம்போவின் நிழலில் நின்று சாதனாவுக்குப் போன் செய்தாள்.

"சொல்லுங்கோ ஜெபா. டெம்போ கிளம்பியாச்சா?"

"இன்னும் இல்ல மேடம். வேற ஒரு விஷயம். உங்க பாஸ்வேர்ட் கடைய விட்டு வெளிய போயிட்டு. என் தப்புதான்."

டாங்கிள், தளவாய், புதன்கிழமை, மான்குர்த், காலேஜ் என்று ஒன்று விடாமல் சொன்னாள். இசக்கிராஜ் பெயரைச் சொல்லவில்லை. டாங்கிளைக் கொடுத்தது அவன்தான், ஆனால் டாங்கிளை நம்பியது அவளல்லவா.

சாதனாவின் ஆபீசில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு டோனர்ஸ் எல்லாம் வரா. தெரியுமோ?"

"தெரியும் மேடம்."

"நீங்க எண்ணலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இல்லையா?"

"தெரிஞ்சிருக்காது."

"மிஷினெல்லாம் வரட்டும். விழா நடக்கட்டும். நான் பாஸ்வேர்ட் மாத்தற வரைக்கும் ஒண்ணும் நெட்ல ஏறக் கூடாது. மத்தது அப்புறம்." போன் கட்டாகிவிட்டது.

ஜெபசெல்வி உள்ளே போய்ப் பென்டிரைவைச் செருகினாள். டிஸ்கை முழுவதும் துடைத்துச் சாதாரண சிஸ்டத்தைப் போட்டாள். அரை மணி நேரம் பூதத்தான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். திரை கறுப்பானபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாம் முடிந்து நீல நிறத்தில் வெறும் திரை வந்தது.

"அம்மா முழுப் பேரு என்ன அண்ணாச்சி?"

"எதுக்கு?"

"சொல்லுங்க."

"ச. கோமதியம்மாள். ஊர் புளியங்குடி."

இனிஷியலோடு, ஊரோடு, பெரிய எழுத்தில் தட்டித் திரையில் வைத்தாள். பூதத்தான் எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு உள்ளே பார்த்து, டீ கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார். காலையிலிருந்து அவள் குடித்த முதல் டீ அதுதான்.

விழா நன்றாகத்தான் நடந்தது. சாதனா அவளை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கோமதியம்மாளின் கணவர் வந்திருந்தார், எண்பதைத் தாண்டியவர். லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தார். மூடினார். பெயர் இன்னும் இருக்கிறதா என்று மறுபடி திறந்து பார்த்தார். ஜெபசெல்வி அங்கே நிற்க முடியாமல் வராந்தாவுக்கு வந்துவிட்டாள். சாதனா பின்னாலேயே வந்தாள்.

"கமிட்டிக்கு எழுதியாகணும். கோபத்துல சொல்லலை. எழுதாம இருக்க என்னால முடியாது."

"எழுதுங்க மேடம்," என்றாள் ஜெபசெல்வி.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் மாட்டுங்காவிலிருந்து ஒரு போன் இல்லை. ஆர்டர் போயே போய்விட்டது என்று இசக்கிராஜ் நினைத்துவிட்டான். வேலையை விட்டுப் போவது யார் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டு, நாள் முழுக்க ஓட்டை வாயைத் திறக்காமல் வேலை செய்தான். அதைப் பார்க்கத்தான் ஜெபசெல்விக்குச் சகிக்கவில்லை. ஆர்டர் வருகிறதோ இல்லையோ, கதவைப் பூட்ட வேண்டியது பூட்டித்தான் ஆகவேண்டும் என்று சர்வரில் உட்கார்ந்தாள்.

முதலில் சர்வருக்குத் தனி கேபிள் போட்டாள், சந்துக்குச் சம்பந்தமில்லாமல். தளவாய் அண்ணாச்சிக்கு நெட் எப்போதும் போலப் போகும், சர்வர் அவர் கண்ணில் படாது. தன்னை ஜாதிப்பிரஷ்டம் செய்துவிட்டதாக அவர் நான்கு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். லேப்டாப்பின் உடம்பில் இருக்கும் சீரியல் நம்பரையும் சேர்த்துக் கேட்டால் என்ன என்று பார்த்தாள். போர்டு மாற்றிய மிஷின்களில் பாதி, சீரியல் இருக்க வேண்டிய இடத்தில் 'இங்கே எழுதவும்' என்கிற மாதிரி எதையோ சொன்னது. அது உதவாது. கடைசியில் டாக்டர் வீட்டு டோக்கன்தான் சரி என்று பட்டது. ஒவ்வொரு லேப்டாப்புக்கும் ஒரு சீட்டு, அதில் தாறுமாறாகப் பன்னிரண்டு எழுத்து. ஆன் செய்ததும் அதைக் கையால் தட்ட வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரே பதில். கொடுத்ததும் சர்வர் அந்தச் சீட்டைக் கிழித்துவிடும். நம்பர் என்னவாக இருந்தாலும் சீட்டு இல்லாமல் வாயைத் திறக்காது. கேள்வியும் பதிலும் கேபிளில் போகும்போது யாரும் இடையில் படிக்க முடியாதபடி பூட்டுப் போட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாஸ்வேர்டைப் பதிலிலிருந்தே எடுத்துவிட்டாள். கொடுக்காத பொருள் எப்படித் தொலையும்? அதைச் சாதனாவே மாட்டுங்காவில் போட்டுக்கொள்ளட்டும்.

இசக்கிராஜ் தன் பங்குக்கு ஒரு காலிங் பெல்லை வாங்கிவந்து மாட்டினான். யாருக்காவது சர்வர் பதில் மறுத்தால் அது குருவி மாதிரிக் கத்தும். "இனி எண்ண வேண்டாங்கா. காது கேட்டாப் போதும்," என்றான். அந்த இரண்டு வாரத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் சாதனா வந்து நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அந்த டாங்கிள் எங்க?"

இசக்கிராஜ் எடுத்துக் கொடுத்தான். அவள் தன் பையிலிருந்து ஒரு காலி லேப்டாப்பை எடுத்து, டாங்கிளை மாட்டி, சர்வரின் கேபிளைச் செருகி ஆன் செய்தாள். திரை சீட்டின் எழுத்தைக் கேட்டது. அவள் எதையோ தட்டினாள். குருவி கத்தியது. ஷைஸ்தா திடுக்கிட்டு ஸ்குரூவைக் கீழே போட்டாள். சாதனா மேஜையில் கிடந்த, முன்னமே பயன்படுத்திய ஒரு சீட்டைப் பார்த்துத் தட்டினாள். மறுபடி குருவி. மூன்றாவது தடவை கடையின் இன்னொரு லேப்டாப்பில் கேபிளை மாற்றிச் செருகி, பிரவுசரைத் திறந்து நேராகப் பதிலின் முகவரியைப் போட்டுப் பார்த்தாள். அதற்கும் குருவி கத்தியதும் பக்கத்துக் கடையிலிருந்து தளவாய் எட்டிப் பார்த்து, "நான் இல்ல தாயி," என்றார்.

சாதனா அப்போதுதான் உட்கார்ந்தாள். ஷைஸ்தா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்களைப் பத்தி ரிப்போர்ட் எழுதிண்டிருந்தேன்," என்றாள் சாதனா. "எழுதறச்சே ஒரு யோசனை. எங்க ஆபீஸ்லயும் ஒரு சர்வர் இருக்கு. பழைய வெண்டர் வச்சுக் கொடுத்தது. மத்த மிஷினெல்லாம் அதுலதான் போட்டது. அதை நாலு வருஷமா யாரும் திறந்துகூடப் பார்க்கலை. நானும்தான்."

ஜெபசெல்வி தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"எண்ணினேன். மிஷின் முந்நூறு. ரிப்பேருக்கு வந்து திரும்பப் போட்டதையெல்லாம் கழிச்சாச்சு." சாதனா தண்ணீரை எடுத்தாள், குடிக்காமல் திரும்ப வைத்தாள். "பதில் முந்நூத்திப் பதினேழு."

அந்த முகத்தை ஜெபசெல்விக்குத் தெரியும். மூன்று வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை காலையில் அவளுக்கே இருந்த முகம் அது. பழிவாங்கிய திருப்தி வரும் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"கமிட்டில என்ன சொன்னாங்க மேடம்?"

"ரெண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்தே வச்சேன். ஒரு கடைல நாப்பதுக்கு ஒண்ணு தப்பிச்சு, அன்னிக்கே அவாளே வந்து சொன்னா. இன்னொரு இடத்துல பதினேழு தப்பிச்சு, நாலு வருஷமா ஒருத்தரும் வாயைத் திறக்கலை. நூத்திருபதை யாருக்குக் கொடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்கோன்னேன். திருவேங்கடம் சார் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைச்சிண்டே இருந்தார்."

இசக்கிராஜ் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டான்.

"அப்புறம்?"

"உங்களுக்குத்தான். ஆனா அதுக்கு முன்னாடி இந்தப் பதினேழு எங்க போச்சுன்னு தெரிஞ்சாகணும். திங்கட்கிழமை மாட்டுங்கா வர முடியுமா?"

இசக்கிராஜ் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். ஜெபசெல்வி அவனைப் பார்க்காமல் கையை நீட்டினாள்.

"லிஸ்ட் இருக்கா மேடம்?"

சாதனா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தாள். எல்லாம் உபயதாரர்கள் கொடுத்த பெயர்கள். காலஞ்சென்றவர்கள். ஒவ்வொருவரும் எங்கோ யாருடைய வீட்டிலோ இன்னொரு திரையில் இருக்கிறார்கள்.

"பதினேழுதான். நான் நாலு தடவை எண்ணியாச்சு," என்றாள் சாதனா.

"இருக்கட்டும் மேடம்," என்றாள் ஜெபசெல்வி. முதல் பெயரில் விரலை வைத்து எண்ணத் தொடங்கினாள்.